பிள்ளைகள் எங்கே என்பதற்கு ஒரு தனி விசாரணை வேண்டும்

மே மாதம் 18ஆந் திகதி எமது மக்களுக்கு என்ன நாள் என்பதை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. அதற்கு எட்டு நாட்கள் கழித்து, மே 26ஆந் திகதி, அவுஸ்திரேலியாவில் இன்னொரு நினைவு நாள் அனுஷ்டிக்கப்படுகின்றது. மானிப்பாயிலிருந்தும் அதன் அயற்கிராமங்களிலிருந்தும் புலம்பெயர்ந்து சிட்னியிலும் மெல்பேர்னிலும் குடியேறிய எமது உறவுகளின் பிள்ளைகளுக்கு இந்நாள் புதியதன்று. ஆதிக்குடிகளின் பிள்ளைகள் அரச அதிகாரிகளால் பெற்றோரிடமிருந்து பலவந்தமாகப் பிரித்தெடுக்கப்பட்டமை குறித்து நடத்தப்பட்ட தேசிய விசாரணையின் அறிக்கை 1997 மே 26 இல் அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்டது. 'அவர்களை வீடு சேர்த்தல்' என்பது அவ்வறிக்கையின் தலைப்பு. மறுவருடத்திலிருந்து அத்திகதி மன்னிப்பு நாளாகியது.

தூரதேசத்து அறிக்கையொன்றை நாம் இன்று எடுத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகள் பறிபோவது எவ்வாறு நடந்தது என்பதை ஒரு நாடு தானே தன்னிடம் கேட்டறிந்த வரலாறு அது. அந்தக் கேள்வியைப் பிள்ளைகளுக்கென்று தனியாக, முழுமையாக, எல்லாத் தரப்பினரையும் நோக்கி இலங்கை இதுவரை கேட்டதில்லை. ஆணைக்குழுக்கள் பல வந்தன, போயின. அவற்றுள் ஒன்றுகூடப் பிள்ளைகளுக்கானதாக இருக்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் நடந்தது யுத்தகாலக் கொடுமையன்று. அமைதிக் காலத்திலே, சட்டத்தின் பெயரால், கோப்புகளும் முத்திரைகளும் சகிதம் அது நடந்தது. மேற்கு அவுஸ்திரேலியாவின் 1905ஆம் ஆண்டுச் சட்டம், பதினாறு வயதிற்குட்பட்ட ஆதிக்குடிப் பிள்ளைகளுக்குச் சட்டபூர்வப் பாதுகாவலராகப் பெற்றோரையன்றி, 'பிரதான பாதுகாவலர்' என்ற அரச அதிகாரியை ஆக்கியது. நியூ சவுத் வேல்சில் 1915ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்றத்தை நாடாமலே பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து அகற்றும் அதிகாரத்தைப் பாதுகாப்புச் சபைக்கு வழங்கியது. பிள்ளையைப் பொறுப்பேற்கக் காரணம் யாது என்ற இடத்தில் சில அதிகாரிகள் 'ஆதிக்குடியாக இருப்பதனால்' என்று மாத்திரம் எழுதி வைத்ததை வரலாற்றாய்வாளர் பீற்றர் றீட் ஆவணங்களிலிருந்து எடுத்துக் காட்டியிருக்கின்றார். 'திருடப்பட்ட தலைமுறைகள்' என்ற பெயரை வழக்கிற்குக் கொண்டு வந்தவரும் அவரே. கலப்பு வம்சப் பிள்ளைகளை வெள்ளையருள் கரைத்துவிடுவதே கொள்கை என்பதை 1937 இல் கன்பராவில் கூடிய அதிகாரிகளின் மாநாடு வெளிப்படையாகவே தீர்மானித்தது. பிள்ளைகளின் நன்மைக்காகவே இது செய்யப்படுகின்றது என்று அவர்கள் சொன்னார்கள். அவர்களுள் பலர் அதனை நம்பியும் இருக்கலாம். நம்பிக்கையோடு செய்யப்பட்ட தீங்கு தீங்காகாமற் போய்விடுமா?

விசாரணையை 1995 இல் அந்நாட்டின் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் மத்திய அரசாங்கம் ஒப்படைத்தது. ஆணைக்குழுவின் தலைவர் சேர் றொனால்ட் வில்சனும், ஆதிக்குடி மக்களைச் சேர்ந்த ஆணையாளர் மிக் டொட்சனும் அதற்குத் தலைமை தாங்கினர். 777 சமர்ப்பணங்கள் பெறப்பட்டன. அவற்றுள் 535 ஆதிக்குடி மக்களும் அவர்களது அமைப்புகளும் தந்தவை. தலைநகரில் அமர்ந்துகொண்டு சாட்சிகளை வரவழைக்காமல், மாநிலம் மாநிலமாக ஆணைக்குழு சென்றது. பகிரங்கத்தில் பேச விரும்பாதவர்கள் இரகசியமாகப் பேசினார்கள். 1910 தொடக்கம் 1970 வரையில், பத்துப் பிள்ளைகளில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை பிரித்தெடுக்கப்பட்டனர் என்பது அறிக்கையின் முடிவு. துல்லியமான எண்ணிக்கையைச் சொல்லமுடியாமைக்குக் காரணம், ஆவணங்கள் பல அழிந்தும் அழிக்கப்பட்டும் போயிருந்தமையே. எண்ணிக்கை தெரியாது என்பதைக் காரணங்காட்டி அவர்கள் விசாரணையை மூடிவிடவில்லை என்பதை எமது நாட்டு ஆட்சியாளர்கள் கவனிக்க வேண்டும்.

ஈண்டு ஒன்றைக் குறிப்பிடாமல் விடுவதற்கில்லை. சேர் றொனால்ட் வில்சன் உயர் நீதிமன்ற நீதியரசராக இருந்தவர். பிரெஸ்பிற்றேரியன் திருச்சபையின் முக்கியஸ்தர். ஆதிக்குடிப் பிள்ளைகள் வைக்கப்பட்டிருந்த பேர்த் நகரத்துச் சிறுவர் இல்லமொன்றுடன் அச்சபைக்கும் அவருக்கும் தொடர்பிருந்தது. விசாரித்தவரே தம் பங்கையும் விசாரணைக்குள் கொணர்ந்து, தாம் சார்ந்த சபையின் சார்பில் மன்னிப்பும் கோரினார். எமது ஆணைக்குழுக்களில் அமர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு இத்தகைய மனத்திடம் வாய்த்திருந்தது என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

திருச்சபை என்றதும் மானிப்பாயில் வாழ்பவருக்கு வேறொரு வரலாறு நினைவிற்கு வருவது இயல்பு. அமெரிக்க மிஷனரிமார் 1816 முதல் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில், பண்டத்தரிப்பு, மானிப்பாய் ஆகிய இடங்களில் நிலையங்களை அமைத்து, பிள்ளைகளை விடுதிப் பாடசாலைகளிற் சேர்த்து, உணவும் உடையும் கொடுத்துப் படிப்பித்தார்கள். செலவை ஏற்ற அமெரிக்கத் தனவந்தர்களின் பெயர்கள் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. கரோல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, 'பாவலர் சரித்திர தீபகம்' தந்த ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை ஆகியோரின் முற்பெயர்கள் அவ்வாறு வந்தவை. பெயர் மாற்றம், சமய மாற்றம், வீட்டிலிருந்து பிரிந்த வாழ்க்கை ஆகிய மூன்றும் இங்கேயும் இருந்தன. ஆனால் வாசலிற் காவலர் வந்து நின்று பிள்ளையைப் பிடுங்கிச் செல்லவில்லை. பெற்றோர் கொடுத்தார்கள், விரும்பியபோது திரும்பவும் அழைத்தார்கள், சைவத்திற்கு மீண்டவர்களும் உண்டு. வைத்தியர் கிறீன் மானிப்பாயில் இருந்துகொண்டு மருத்துவத்தைத் தமிழிலேயே போதித்து, நூல்களையும் தமிழில் ஆக்கினார். இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது வரலாற்றிற்குச் செய்யும் அநீதி. எனினும், பிள்ளையின் பெயரை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை உணர்வதற்கு எமது ஊர் வரலாறே துணைசெய்யும். வளர்ப்புப் பிள்ளையாயினும் பெற்ற தந்தையின் பெயராலேயே அழைக்கப்படவேண்டும் என்பது இஸ்லாம் வகுத்த நெறி. வம்சத்தை மறைப்பது பிள்ளைக்குரிய உரிமையைப் பறிப்பதாகும் என்ற எண்ணம் அதனுள் இருக்கின்றது. அவுஸ்திரேலிய அதிகாரிகள் செய்தது அதற்கு நேர்மாறானது. பெற்றோர் இறந்துவிட்டனர் என்று உயிரோடிருந்த தாய்மாரைப் பற்றிப் பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது.

கோப்புகளின் வலிமையை விளக்கப் புறூஸ் ட்ரெவோறோ வழக்கு ஒன்றே போதும். 1957ஆம் ஆண்டு நத்தார் தினத்தில், பதின்மூன்று மாதக் குழந்தையாக, வயிற்று நோய்க்காக அவர் அடிலெயிட் சிறுவர் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். சில நாட்களுள் வெள்ளையர் குடும்பமொன்றிடம் கொடுக்கப்பட்டார். பிள்ளை எப்படி இருக்கின்றான் என்று தாயார் கடிதம் எழுதிக் கேட்டபோது, அவன் தேறி வருகின்றான், வைத்தியர்கள் இன்னும் சிறிது காலம் வைத்திருக்க விரும்புகின்றனர் என்று பதில் அனுப்பப்பட்டது. கடிதம் எழுதப்பட்டபோது பிள்ளை வைத்தியசாலையிலே இல்லை. ஐம்பது வருடங்கள் கழித்து, 2007 ஓகஸ்ட்டில், தென் அவுஸ்திரேலிய உச்ச நீதிமன்றம் அவருக்கு 525,000 டொலர் நட்டஈடு வழங்கியது. வழக்கை வென்று கொடுத்தவற்றுள் அரசாங்கத்தின் கோப்பிலிருந்த அந்தக் கடிதங்களும் அடங்கும். மறுவருடம் அவர் காலமானார்.

அறிக்கை வந்தவுடன் எல்லாம் சீராகிவிட்டது என்று எவரும் எண்ணவேண்டாம். பலவந்தமாகப் பிள்ளைகளை ஓர் இனத்திலிருந்து இன்னோர் இனத்திற்கு மாற்றுவதும் இனப்படுகொலையே என்ற 1948ஆம் ஆண்டு ஐ.நா. சமவாயத்தின் ஏற்பாட்டை அறிக்கை சுட்டிக்காட்டியது. (அச்சொல்லை நாள்தோறும் உச்சரிக்கும் எமது அரசியல்வாதிகள், அதன் வரைவிலக்கணத்தில் பிள்ளைகள் பற்றிய இப்பிரிவும் உண்டு என்பதை அரிதாகவே பேசுகின்றனர்.) அப்போதைய பிரதமர் ஜோன் ஹோவார்ட் மன்னிப்புக் கோர மறுத்தார், 1999 இல் பாராளுமன்றம் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்ததோடு நிறுத்திக்கொண்டது. பிரதமர் கெவின் றட் 2008 பெப்ரவரி 13 இல் மன்னிப்புக் கோரும்வரை பதினோரு வருடங்கள் கழிந்தன. மத்திய அரசு தன் நேரடி ஆட்சிக்குட்பட்டிருந்த பிரதேசங்களில் பிரிக்கப்பட்டோருக்குத் தலா 75,000 டொலர் வழங்கும் திட்டத்தை 2021 இல்தான் அறிவித்தது. அதற்குள் முதியோர் பலர் மாண்டுவிட்டனர். அறிக்கையின் 54 பரிந்துரைகளுட் பெரும்பாலானவை முழுமையாக நிறைவேறவில்லை என்று அம்மக்களே சொல்கின்றனர். இன்றும், நாட்டின் பிள்ளைகளில் ஆறு வீதமளவேயான ஆதிக்குடிப் பிள்ளைகள், அரச பராமரிப்பில் வைக்கப்பட்டுள்ள பிள்ளைகளில் நாற்பது வீதத்திற்கும் அதிகமாக இருக்கின்றனர். ஆகவே அவுஸ்திரேலியாவை ஓர் உத்தம நாடாக நாம் காட்ட வரவில்லை. கேட்பதற்கு ஒரு முறை உண்டு, அதனை அவர்கள் ஒருமுறையாவது கையாண்டார்கள் என்பதே எமது வாதம்.

இனி எம் பக்கம் வருவோம்.

குடாநாட்டை 1995–96 இல் இராணுவம் கைப்பற்றிய பின்னர், வலிகாமத்திற்குத் திரும்பிய மக்களுள் ஏறத்தாழ 600 பேர் 1996ஆம் ஆண்டளவில் காணாமற்போயினர் என்று சர்வதேச மன்னிப்புச் சபை கணித்தது. அவர்களுள் பாடசாலை மாணவர்களும் இருந்தனர். சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி 1996 செப்டெம்பரில் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்ட வழக்கிற்குத் தீர்ப்புக் கிடைத்தது. குற்றவாளியாகக் காணப்பட்ட படைச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் நூற்றுக்கணக்கான உடல்கள் புதைக்கப்பட்டன என்று 1998 இல் நீதிமன்றத்தில் சொன்னார். 1999 இல் பதினைந்து எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டதோடு அக்கதை நின்றுபோயிற்று.

2009 மே மாதம் வட்டுவாகலிலும் அதன் சுற்றாடலிலும் படையினரிடம் குடும்பம் குடும்பமாகச் சரணடைந்தவர்களோடு கைக்குழந்தைகளும் சிறுவர்களும் சென்றனர். பேரூந்துகளில் ஏற்றப்பட்டதைக் கண்ட உறவினர்கள், 2010 இல் நியமிக்கப்பட்ட நல்லிணக்க ஆணைக்குழுவிடம் நேரடியாகச் சாட்சியம் அளித்தனர். யுத்த களத்திற் காணாமற்போனோர் விடயம் வேறு. கண்முன்னே கையளிக்கப்பட்டோர் விடயம் வேறு. பின்னையதில் பொறுப்பேற்றவர் யார் என்பது ஐயத்திற்கிடமின்றித் தெரிந்திருக்கின்றது. வவுனியா மேல் நீதிமன்றம் 2022 டிசெம்பரில் வழங்கிய ஆட்கொணர்வுத் தீர்ப்பும், சரணடைந்தவர் குறித்து இராணுவம் பதிலளிக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தியது. கைக்குழந்தையைப் புனர்வாழ்வு பெற்ற போராளி என்றோ, தப்பியோடி வெளிநாட்டில் மறைந்து வாழ்பவர் என்றோ சொல்லிவிடுவது எந்த அரசாங்கத்திற்கும் இயலாது. பிள்ளைகள் விடயத்தில் அரசு வாய்திறக்கத் தயங்குவதன் காரணமும் இதுவே என நாம் கருதுகின்றோம்.

ஆயினும் பிள்ளைகளை எடுத்துச் சென்றவர்கள் படையினர் மாத்திரம் அல்லர். இதனை எழுதுவதற்கு எமது பத்திரிகைகள் நீண்டகாலம் தயங்கின. எழுதியோருக்கு நேர்ந்தவற்றையும் மக்கள் அறிவர். 2003 முதல் 2008 முடிவு வரையில் விடுதலைப் புலிகள் சிறுவர்களைப் படையிற் சேர்த்த 6,000 இற்கும் அதிகமான சம்பவங்களை யுனிசெவ் பதிவு செய்தது. கிழக்கில் 2004இன் பிளவிற்குப் பின்னர் கருணா அணியினரும் அதனையே செய்தனர். வன்னியில் இறுதி மாதங்களில் வீட்டுக்கொருவர் என்ற விதியும் போய், பதுங்கு குழிக்குள் ஒளித்துவைத்த பிள்ளையும் இழுத்துச் செல்லப்பட்டது. அவ்வேளை தாய்மார் கதறியதற்கும், பின்னர் படையினரின் முகாம் வாயிலில் கதறியதற்கும் இடையே என்ன வேறுபாடு உண்டு? வவுனியாவில் யுனிசெவ் உதவியுடன் இயங்கிய குடும்பத் தேடற் பிரிவிற்கு 2011 ஜூலை வரையில் 676 பிள்ளைகளைத் தேடித் தருமாறு விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, புலிகளால் ஆட்சேர்க்கப்பட்ட பிள்ளைகள் பற்றியவை என்று பெற்றோரே கூறியிருந்தனர். சரணடைந்த சிறுவர் போராளிகள் 594 பேர் புனர்வாழ்வு பெற்றுப் பெற்றோரிடம் சேர்ந்தனர். ஏனையோர்? புலிகள் அமைப்பு இன்று இல்லை. அதனிடம் கேட்க முடியாது. ஆனால் அவ்வமைப்பில் அந்நாட்களில் பொறுப்பு வகித்தவர்களுள் உயிரோடிருப்போர் இங்கும் வெளிநாடுகளிலும் உள்ளனர். அவர்கள் அறிந்ததைச் சொல்லலாம். சொல்லுமாறு கேட்பது எமது கடமையுமாகும்.

முஸ்லிம் சகோதரர்களின் நிலையோ இருவகையிலும் விடுபட்ட நிலை. 1990 ஒக்டோபர் 30 இல், இரண்டு மணித்தியால அவகாசத்தில், யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் தங்கள் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். சரியாக ஐந்து வருடங்கள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், மானிப்பாய் உள்ளிட்ட வலிகாமத்து மக்கள் மழையில் நனைந்தவாறு தென்மராட்சி நோக்கி நடந்தனர். திகதிகளின் ஒற்றுமை தற்செயலானது. அதனை நினைவுகூர நாம் தவறியது தற்செயலானதன்று. வெளியேற்றத்திற்கு முன்னர் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாத வர்த்தகர்களின் பிள்ளைகள் தந்தை முகம் அறியாது புத்தளத்து முகாம்களில் வளர்ந்தனர். 1990 ஜூலையில் குருக்கள்மடத்தில் வழிமறித்துக் கடத்தப்பட்ட காத்தான்குடி முஸ்லிம்களின் புதைகுழி பற்றிய முறைப்பாடு 2014 இல் நீதிமன்றத்திற்குச் சென்றபோதும் அகழ்வு ஆண்டுக்கணக்கில் இழுபட்டது. வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றம் பற்றி அரசாங்கம் விசாரணை நடத்தாத நிலையில், சட்டமும் சமூகமும் நம்பிக்கை நிதியம் என்ற அமைப்பின் முயற்சியில் உருவான குடிமக்கள் ஆணைக்குழுவே 2011 இல் அறிக்கை வெளியிட்டது. தமிழர் தரப்பு அதனை எவ்வளவு வாசித்தது?

பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து அரசு பறிப்பதற்கு அண்மைக்கால உதாரணமும் முஸ்லிம் மக்களிடமே உண்டு. கொவிட் காலத்தில், உலக சுகாதார ஸ்தாபனம் அடக்கஞ் செய்வதை அனுமதித்திருந்தும், இலங்கை அரசாங்கம் உடல்களைக் கட்டாயமாக எரித்தது. 2020 டிசெம்பரில், பிறந்து இருபது நாட்களேயான சிசுவொன்று பெற்றோரின் சம்மதமின்றிக் கொழும்பில் எரியூட்டப்பட்டது. இறந்த பிள்ளையின் மீதும் பெற்றோருக்கு உரிமையில்லை என்று ஓர் அரசு சொல்லிற்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. நல்லது. ஆனால் அத்தீர்மானத்தை எடுத்த நிபுணர்கள் யார், எந்த ஆய்வின்பேரில் எடுத்தார்கள் என்ற விசாரணை மன்னிப்பிற்கு முன்னர் நடக்கவில்லை. அவுஸ்திரேலியாவில் விசாரணை வந்தது, மன்னிப்பு வரத் தாமதித்தது. இங்கே மன்னிப்பு வந்தது, விசாரணை வரவில்லை. இவ்விரண்டில் எது மேல் என்று கேட்டால், முன்னையதே மேல் என்போம். என்ன நடந்ததென்று தெரியாமல் கோரப்படும் மன்னிப்பை எதற்காக ஏற்பது என்று பெற்றோருக்கே தெரியாது.

சிங்களத் தாய்மாரும் இதில் அடங்குவர். 1970களிலும் 1980களிலும் இலங்கையிலிருந்து பல்லாயிரம் குழந்தைகள் நெதர்லாந்து, சுவிற்சர்லாந்து, சுவீடன் முதலிய நாடுகளுக்குத் தத்துக் கொடுக்கப்பட்டனர். ஏழைத் தாய்மார் ஏமாற்றப்பட்டதும், ஆவணங்கள் பொய்யாகத் தயாரிக்கப்பட்டதும், குழந்தைகள் பண்டமாற்றுப் பொருளானதும் பின்னர் வெளிவந்தன. நெதர்லாந்து ஆணைக்குழு நியமித்து 2021 பெப்ரவரியில் அறிக்கை வெளியிட்டு, வெளிநாட்டுத் தத்தெடுப்பை இடைநிறுத்தியது. சுவிற்சர்லாந்து 2020 இல் வருத்தம் தெரிவித்தது. சுவீடனின் ஆணைக்குழு 2025 ஜூனில் தன் அறிக்கையைக் கையளித்தது. குழந்தைகளை வாங்கிய நாடுகள் தங்களை விசாரித்துக்கொண்டன. குழந்தைகளை இழந்த நாட்டின் கோப்புகள் எங்கே?

எமது நாட்டின் ஆணைக்குழுக்கள் கேட்ட முறை எத்தகையது என்பதையும் சற்று நோக்க வேண்டும். 2013 ஓகஸ்ட்டில் நியமிக்கப்பட்ட பரணகம ஆணைக்குழு வடக்கிலும் கிழக்கிலும் அமர்வுகளை நடத்தியது. தாயொருத்திக்குச் சில நிமிடங்களே கிடைத்தன. மொழிபெயர்ப்பில் பொருள் மாறியதாகவும், மரணச் சான்றிதழும் வாழ்வாதார உதவியும் வேண்டுமா என்று கேட்கப்பட்டதாகவும், மண்டப வாயிலில் புலனாய்வாளர் நின்றதாகவும் முறைப்பாடுகள் எழுந்தன. 2016ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் அமைந்த காணாமற்போனோர் அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கியபோது சிலர் நம்பினர். நம்பாதவர்கள் அதற்கு முன்னரே, 2017 பெப்ரவரியில், கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்துவிட்டனர். அவ்வாறு அமர்ந்த பெற்றோருள் நூற்றுக்கணக்கானோர் இன்று உயிரோடில்லை. 2022 இல் குடும்பமொன்றுக்கு ஒரு இலட்சம் ரூபா என்றும் பின்னர் இரண்டு இலட்சம் என்றும் அரசாங்கம் அறிவித்த கொடுப்பனவைப் பெற்றோர் பலர் நிராகரித்தனர். பணத்தைக் கேட்டு அவர்கள் வீதிக்கு வரவில்லை.

பிள்ளைகள் விடயம் ஏன் தனியாக நோக்கப்பட வேண்டும் என்பதற்கு வருவோம். வளர்ந்தவர் காணாமற்போனால் அவருக்குப் பெயர் உண்டு, நினைவு உண்டு. உயிரோடிருந்தால் தம் வீட்டைத் தேடி வருவார். இரண்டு வயதிலோ நான்கு வயதிலோ எடுத்துச் செல்லப்பட்ட பிள்ளைக்குத் தான் தேடப்படுகின்றோம் என்பதே தெரியாது. வேறு பெயரில், வேறு மொழியில், வேறு சமயத்தில் இந்நாட்டிலேயே அப்பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கலாம். வவுனியாவைச் சேர்ந்த தாயொருவர், 2015 ஜனாதிபதித் தேர்தல் பிரசுரமொன்றில் பாடசாலைச் சீருடையுடன் நின்ற சிறுமியைத் தம் மகள் என அடையாளங் காட்டினார். அச்சிறுமி யார் என்பதை அரசாங்கம் நினைத்திருந்தால் ஒரு வாரத்தில் உறுதிசெய்திருக்கலாம். தாய் தவறாக எண்ணியிருந்தாலும் அதனை நிரூபித்து அவருக்கு அமைதி கொடுத்திருக்கலாம். ஆண்டுகள் கழிந்தபின்னரும் அத்தாய் கேட்டுக்கொண்டேயிருந்தார்.

ஆர்ஜென்ரீனாவின் பாட்டிமார் இவ்விடயத்தில் எமக்கு வழிகாட்டிகள். 1976 முதல் 1983 வரை நீடித்த இராணுவ ஆட்சியில் சிறையில் பிறந்தும் பறிக்கப்பட்டும் போன ஏறத்தாழ 500 பேரக்குழந்தைகளை அவர்கள் தேடத் தொடங்கினர். அவர்களது கோரிக்கையால் 1987 இல் தேசிய மரபணு வங்கி சட்டபூர்வமாக அமைக்கப்பட்டது. 2025 ஜூலையில் 140ஆவது பேரப்பிள்ளை கண்டறியப்பட்டார். அவருக்கு அப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. வலிந்து காணாமலாக்குதல் பற்றிய சர்வதேச சமவாயத்தின் 25ஆம் உறுப்புரை, பிள்ளைகளின் அடையாளத்தை மறைப்பதைக் குற்றமாகக் கொள்ளுமாறும், அவர்களைத் தேடிக் குடும்பத்துடன் சேர்க்குமாறும் அரசுகளைப் பணிக்கின்றது. இலங்கை அச்சமவாயத்தை 2016 இல் ஏற்றுக்கொண்டது; 2018 இல் அதற்கெனச் சட்டமும் இயற்றியது. எனவே புதிதாக எவரும் கட்டளையிட வேண்டியதில்லை.

நாம் கேட்பது இதுதான். பிள்ளைகளுக்கென்று தனியான விசாரணை வேண்டும். படையினர், புலிகள், துணைப்படைகள், தத்தெடுப்புத் தரகர் என எடுத்துச் சென்றவர் எவராயினும் அதன் வரம்பிற்குள் வரவேண்டும். ஒரு தரப்பை விலக்கினால் அத்தரப்பால் இழந்த தாய் வாயில்லாதவளாகிவிடுவாள். ஆணையாளர்களுள் தமிழரும் முஸ்லிமும் இருக்கவேண்டும். சாட்சியம் தாயின் மொழியிலேயே பெறப்பட்டு அம்மொழியிலேயே பதியப்பட வேண்டும். மண்டபத்திற்கு வர அஞ்சுபவரின் வீட்டிற்குச் செல்ல வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமானது கோப்பு. சரணடைந்தோர் பட்டியல்கள், புனர்வாழ்வு முகாம்களின் பதிவேடுகள், மெனிக் பாம் முகாமின் பதிவுகள், வைத்தியசாலை அனுமதிப் புத்தகங்கள், நன்னடத்தைத் திணைக்களத்தின் ஆவணங்கள், நாடெங்கும் உள்ள சிறுவர் இல்லங்களின் 2009ஆம், 2010ஆம் ஆண்டுச் சேர்க்கைப் பதிவுகள் ஆகியன முதலில் முத்திரையிடப்பட்டுப் பாதுகாக்கப்பட வேண்டும். அடிலெயிட்டில் ஐம்பது வருடங்கள் கழித்தும் கடிதங்கள் இருந்தன. கொழும்பில் அவை இருக்குமா என்ற ஐயமே எமது அவசரத்திற்குக் காரணம்.

அவுஸ்திரேலியாவில் விசாரணைக்குப் பதினைந்து வருடங்களுக்கு முன்னரே, 1980 இல், குடும்பங்களைத் தேடிச் சேர்க்கும் பணியை ஆதிக்குடி மக்களே ஒரு சிறு அமைப்பாகத் தொடங்கியிருந்தனர். அரசாங்கத்தை எதிர்பார்த்து அவர்கள் கைகட்டி நிற்கவில்லை. எமது பல்கலைக்கழகமும், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களும், புலம்பெயர் ஊர்ச் சங்கங்களும் சேர்ந்தால் தாய்மாரின் வாக்குமூலங்களை ஒழுங்காகப் பதிந்து பேணும் பணியையேனும் இன்றே தொடங்கலாம். ஊர்க் கோபுரத்திற்கு இலட்சங்களைத் திரட்டக்கூடிய சங்கங்களுக்கு இது பெருஞ்செலவன்று.

செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் தகனமேடை கட்டத் தோண்டியபோது எலும்புகள் வெளிவந்தன. நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் செப்டெம்பருக்குள் ஏறத்தாழ 240 எலும்புக்கூடுகள் அடையாளங் காணப்பட்டன. அவற்றுள் ஒன்று நான்கு அல்லது ஐந்து வயதுப் பிள்ளையினுடையது. அருகில் நீலநிறப் பாடசாலைப் பை இருந்தது. அவர்கள் யார், எப்போது, யாரால் புதைக்கப்பட்டனர் என்பதை மரபணுவும் விஞ்ஞான ஆய்வும்தான் சொல்ல வேண்டும்; அதற்கு முன் முடிவு கூறுவது முறையன்று. கண்டெடுக்கப்பட்ட பொருட்களை 2025 ஓகஸ்ட் 5 இல் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தபோது, பெற்றோர் வந்து வரிசையில் நின்று பார்த்தனர். அவர்களுட் பெரும்பாலானோர் அறுபதையும் எழுபதையும் தாண்டியவர்கள். எலும்போடு ஒப்பிடுவதற்கு அவர்களது இரத்த மாதிரி வேண்டும். அதனைப் பெற்று வைப்பதற்கு ஆணைக்குழுவின் நியமனத்தையோ பாராளுமன்றத்தின் விவாதத்தையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை. நீதிமன்றத்தின் கட்டளையொன்றும், மாதிரிகளைப் பழுதின்றிப் பேணக்கூடிய குளிரூட்டி வசதியும், தாய்மார் நம்பக்கூடிய சுயாதீனமான ஆய்வுகூடமும் இருந்தால் இம்மாதமே அதனைத் தொடங்கலாம்.